டார்க்வில் எறிந்த கடைசிக் கல்

உறைந்த ஏரியில் கல்லை வழுக்கவிட்டு ஆடும் நம் கிளென் ஆரிக் கர்லிங் போட்டியின் விருந்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஐலா அம்மையார் அவர்களே, ஜெபித்து எங்களை அமரவைத்த போதகர் அவர்களே, கோப்பையை வென்ற கரங்களே, வெல்லாமல் வெறுங்கையோடு வீடு திரும்பியும் மறு குளிர்காலம் மறவாமல் வந்த மாண்புடையோரே, பிள்ளைகளைப் பனிக்கு அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருந்த தாய்மார்களே, வணக்கம்!

இதுவரை கோப்பை வென்ற தலைவர்களின் பெயர்களை வாசிக்கும் நேரம் இது. ஒரு பெயரை மட்டும் இன்று விட்டுவிடலாம் என்கிறார்கள். டார்க்வில் மெக்கேஸ்கில். பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது ஐயா. முழுவதையும் கேட்டுவிட்டு முணுமுணுங்கள்.

அவன் பெயர் பட்டியலில் ஏறிய அந்த ஆண்டு ஏரி இறுகி உறைந்திருந்தது. டார்க்வில்லின் அக்காள் ஊனா எங்கள் வடகரை அணியின் தலைவி. அவள் நுரையீரலைப் புற்று தின்றுகொண்டிருந்தது. அடுத்த பனியை அவள் பார்க்கமாட்டாள் என்று ஊரே அறியும். அவள் கல் நன்றாக வழுக்கிச் செல்ல, அதற்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்து ஓடியவள் நான்.

நாங்கள் வென்றோம், வென்றோம், வென்றுகொண்டே போனோம்! எப்படி வென்றோம்? எதிரணிக் கற்களெல்லாம் பனியில் வரைந்த இலக்கு வட்டத்தைத் தாண்டி வழுக்கிப் போயின. எறிந்தவர்கள் ஏரியைப் பார்த்தார்களே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கா புரியாது?

இறுதிப் போட்டி. எதிரே தென்கரை, அதன் தலைவன் அவள் தம்பி. வட்டத்தின் நட்டநடுவில் ஊனாவின் கல்; அது அங்கேயே நின்றால் கோப்பை எங்களுக்கு. மிஞ்சியிருந்தது டார்க்வில்லின் ஒரே ஒரு கல். அதை ஏந்தியவன் எறியாமல் அவளிடம் நடந்து வந்தான்.

"அக்கா, நான் அடிச்சா உன் கல்லு போயிடும்."

"போகட்டும். எல்லாரும் வேணும்னே தப்பாப் போடுறாங்கடா. நோயாளிக்கு மிட்டாய் குடுக்குற மாதிரி கோப்பையக் குடுக்கப் பாக்குறாங்க. நீயாவது என்கூட ஆடு."

அவன் திரும்பி நடந்தான். எறிந்தான். கல்லோடு கல் மோதிய ஓசை மலையில் பட்டுத் திரும்பியது. எங்கள் கல் வட்டத்தைவிட்டு வெளியே ஓடியது, கோப்பை தென்கரைக்குப் போனது.

கரையில் ஒரு கை தட்டவில்லை. ஊனா மட்டும் மூச்சு வாங்க வாங்கப் போய் அவன் கையைப் பற்றினாள். "இப்பதான்டா ஒரு ஆட்டம் ஆடுனேன்" என்றாள். பங்குனிப் பனி கரையும் முன் போய்விட்டாள்.

அவள் சொன்னதை மறுநாளே வீடுவீடாகச் சொன்னேன். நம்பினீர்கள். நம்பியும் மன்னிக்கவில்லை. சொன்னால் என்ன, தம்பி தவறவிட்டிருக்க வேண்டாமா என்றீர்கள். அவன் நுழைந்தால் மதுக்கடையில் பேச்சு நின்றது. எந்த அணியும் அவனைச் சேர்க்கவில்லை. ஆண்டுதோறும் வந்தான், கரையோரம் நின்றான், திரும்பிப் போனான். சென்ற மாதம் அவன் சவப்பெட்டியைத் தூக்கத் தோள்கள் போதாமல் பக்கத்து ஊரில் ஆள் தேடினோம்!

அன்பர்களே, அன்று நாம் அவளுக்குத் தந்தது இரக்கம். அந்த இரக்கத்தாலேயே அவள் சாகும் முன்னே அவளைப் புதைத்துவிட்டோம். உயிரோடிருந்தவளை உயிரோடிருப்பவளாக நடத்தியவன் ஒருவன். அந்த ஒருவனையா ஒதுக்கினோம்? அந்த ஒருவனையா ஒழிக்கப் பார்க்கிறோம்?

தலைவர் அவர்களே, அந்தப் பெயரை வாசியுங்கள். கைதட்டச் சொல்லவில்லை, அதற்குக் காலம் கடந்துவிட்டது. எழுந்து நில்லுங்கள், போதும்.

செவிகொடுத்த உங்களுக்கும், செவிகொடுக்க மனமின்றியும் எழுந்து போகாதிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.