நாலாவது ஆணி

அன்று காலை லாட்ஜில் இருந்தவர்கள்:

கோதண்டராமன். சுங்குவார்சத்திரத்தில் ஆறு அறை லாட்ஜ் வைத்திருப்பவர்.
மரகதம். அவர் மனைவி; சிங்குக்குப் பாபிஜி, அதாவது அண்ணி.
கர்னைல் சிங். லூதியானாவிலிருந்து மெட்ராசுக்கு சைக்கிள் சாமான் ஏற்றி வந்த லாரி டிரைவர்.

மற்ற அறைக்காரர்கள் விடிவதற்குள் போய்விட்டார்கள். 1991, மே 22, புதன்கிழமை.

— மொதல்ல அந்தத் தலைப்பாவக் கழட்டு.

— கழட்டினா உள்ள முடி இருக்குதுங்க, பாபிஜி.

— கொண்ட போட்டுக்கோ. என் பொடவ ஒண்ணு தரேன், சுத்திக்கோ.

— தாடிக்கு என்னங்க பண்றது?

— மரகதம், கம்முனு இரு. சிங்கு, நீ ஜன்னலாண்ட நிக்காத. இப்டி கல்லாப் பக்கம் வந்து உக்காரு.

— நான் ஒண்ணும் பண்ணலீங்க, அண்ணாஜி.

— பண்ணலன்னு எனக்குத் தெரியும். பத்து கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்துல குண்டு வெடிச்சு ராஜீவ் காந்தி செத்தப்ப, நீ இங்க நாலாம் நம்பர் ரூம்ல கொறட்ட வுட்டுக்கினு இருந்த. கேட்டுக்கினு இருந்தவன் நான். ஆனா கூட்டமா வர்றவன் சாட்சி கேக்க மாட்டான்.

— ரேடியோவுல யாருன்னு சொன்னாங்களா?

— செத்துட்டாருன்னு சொன்னான். அப்பறம் வீணைதான். காலையிலேந்து அதே வீணை.

— டீக்கடையில சொல்லிட்டானுங்க. அம்மாவச் சுட்டவனுங்கதான் புள்ளைக்கும் வச்சுட்டானுங்களாம். பாபு கடையில இதே பேச்சு. ஒரு சர்தார் லாரி நேத்து சாயந்திரம் இந்தப் பக்கம் வந்துச்சேன்னும் ஒருத்தன் கேட்டான்.

— நீ இன்னா சொன்ன?

— பாலு வாங்கினேன், வந்தேன்.

— என் லாரிங்க?

— பின்னாடி மாட்டுக் கொட்டாயாண்ட தள்ளி நிறுத்திக்கீது. நம்பரு மேல சாணி பூசிட்டேன். பின்னாடி உங்க எழுத்து கீதே, அதுக்கும் பூசிட்டேன்.

— முன்னாடி கண்ணாடிக்கு மேல குரு படம் இருக்குதுங்க.

— அதுக்குச் சாணி பூசுவேனா? தொவச்ச பொடவ போத்திக்கீறேன். உங்க சாமி கோச்சிக்காது.

— ரெண்டு மணி நேரமா அந்த லாரியோடவே மல்லுக்கட்டிக்கினு கீறோம். ரிஜிஸ்டர் ஒண்ணு பாக்கி. கர்னைல் சிங், லூதியானான்னு நானே எழுதி வச்சிக்கீறேன்.

— கிழி.

— ஸ்டேஷன் முத்திர போட்ட பக்கம்டி. கிழிச்சா அதுக்கு வேற பதில் சொல்லணும்.

— பதில் சொல்ல ஆளு உசுரோட இருந்தா சொல்லிக்கலாம். நான் மொனைக்குப் போய் இன்னா ஏதுன்னு பாத்துட்டு வரேன். இந்தா, சிங்கு, கழுத்துல இன்னா சாவி? லாரி சாவியா?

— இல்லீங்க. டெல்லி சாவி.

— டெல்லியில வூடு கீதா உனக்கு?

— இருந்துச்சு.

— வந்து கேட்டுக்கறேன். கதவச் சாத்திக்கினு இருங்க.

— பாபிஜிக்குப் பயமே இல்லீங்களா?

— அவ பயந்தா இப்டித்தான், எதையாவது பூசிக்கினே இருப்பா. சிங்கு, நேரா கேக்கறேன். உங்காளுங்க எவனாச்சும் பண்ணியிருப்பானா?

— எனக்கு எப்படித் தெரியும்? நான் லாரி ஓட்டுறவன்.

— தனி நாடு கேக்கறீங்களே.

— நான் லோடுதான் கேக்கறேன்.

— வெளையாடாத. என் லாட்ஜுல ஒளிச்சு வச்சிக்கீறேன். யார ஒளிச்சு வச்சிக்கீறேன்னு எனக்குத் தெரியணும்.

— சரிங்க. என் தாத்தா லயல்பூர். இப்ப அது பாகிஸ்தான். நாப்பத்தேழுல பந்தியில இந்து, முஸ்லிம், சீக்கியன்னு மூணு பேர் உக்காந்தாங்க. ரெண்டு பேருக்கு இலை போட்டாங்க. மூணாவது ஆளுக்கு ரோடு. தாத்தா ஒரு எருமையோட நடந்து லூதியானா வந்தாரு. வழியில எருமையும் செத்துப்போச்சு.

— பந்தி, இலையெல்லாம் எங்க கத்துக்கின?

— சேலத்துலங்க. மெக்கானிக் ஷெட்டுல. என் தமிழ் சேலத்துத் தமிழ்.

— அதான் பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடற. சரி, அந்தக் கோவத்துலதான் நாடு கேட்டீங்களா?

— அப்ப கேக்கலீங்க. பாஷைக்கு ஒரு மாநிலம் கேட்டோம். உங்களுக்குக் குடுத்தாங்க, தெலுங்குக்காரங்களுக்குக் குடுத்தாங்க. பஞ்சாபிக்குக் கேட்டவனுக்கு ஜெயில். எங்கப்பா ரெண்டு தடவ போனாரு.

— மொழிக்காக ஜெயிலா? நானும் போனேன். அறுபத்தஞ்சுல, வேலூர் ஜெயிலு. இந்தக் கால் இழுத்துக்கினு நடக்கறேனே, அன்னிக்கு வாங்குன லத்தி அடிதான்.

— தெரியுங்க. போன வருஷமும் சொன்னீங்க. அதுக்கு முன்ன வருஷமும்.

— சொல்லுவேன். நீ மேல சொல்லு.

— அறுபத்தாறுல குடுத்தாங்க. முழுசா இல்ல. தலைநகரம் ரெண்டு மாநிலத்துக்குப் பொது. ஆத்துத் தண்ணிய டெல்லி பங்கு போடும். அப்புறம் எங்க பெரியவங்க ஆனந்த்பூர்ல உக்காந்து ஒரு தீர்மானம் எழுதினாங்க. மாநிலத்துக்கு அதிகாரம் குடுன்னு.

— அது நாங்க கேக்கறதுதான்.

— நீங்க கேட்டா அரசியல். நாங்க கேட்டா துரோகம்.

— நாங்களும் தனி நாடு கேட்டவங்கதான், சிங்கு. சின்னப் பையன்ல மேடைக்குக் கீழ நின்னு கத்திக்கீறேன். அறுபத்து மூணுல வுட்டோம்.

— ஏன் விட்டீங்க?

— சட்டம் கொண்ணாந்துட்டான். தனி நாடு கேட்டா எலக்‌ஷன்ல நிக்க முடியாது. சீனாக்காரன் வேற எல்லைக்கு வந்துட்டான். நாட்ட வுட்டோம், கோட்டையப் புடிச்சோம். அதையும் இந்த ஜனவரில கலைச்சுட்டான், அது வேற கத.

— எங்க ஊர்லயும் நாலு வருஷமா கவர்னர்தாங்க. பெரியவங்க கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. பசங்க துப்பாக்கி எடுத்தாங்க. எண்பத்து நாலுல பொற்கோயிலுக்குள்ள மிலிட்டரி டாங்கி வந்துச்சு. அதுக்கு அந்த அம்மாவச் சுட்டாங்க. அதுக்கு டெல்லியில எங்களக் கொன்னாங்க. இப்ப ராத்திரியில பசங்க வந்து ரொட்டி கேப்பாங்க. தோள்ல துப்பாக்கி இருக்கும், போடாம இருக்க முடியாது. காலையில போலீஸ் வந்து ஏன் போட்டேன்னு கேக்கும். என் அக்கா பையன்தான் ரொட்டி எடுத்துக் குடுத்தான். ஜீப்புல ஏத்தினாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு, ஜீப்பு திரும்பல.

— உனக்கு நாடு வேணுமா, வேணாமா? அதச் சொல்லு.

— எனக்கு உள்ளேருந்து தாழ் போடற மாதிரி ஒரு கதவு வேணுங்க. அது எந்த நாட்டுல இருந்தாலும் பரவாயில்ல.

— இங்க அது நடக்காது. பாரு, லாட்ஜ் வழக்கம் ஒண்ணு கீது. ஆள் உள்ள இருந்தா பூட்டு வெளிய தொறந்து தொங்கும், சாவி போர்டுல ஆணி காலியா இருக்கும். ஆள் இல்லாட்டி பூட்டு போட்டு, சாவிய நம்பர் ஆணியில மாட்டுவோம். ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கூட்டம் வந்தா மொதல்ல போர்டத்தான் பாப்பான். அதனால நீ நாலாம் நம்பருக்குள்ள போ. அதுக்கு ரோட்டுப் பக்கம் ஜன்னலும் கெடையாது. நான் வெளிய பூட்டி சாவிய ஆணியில மாட்டிடறேன்.

— வேண்டாங்க.

— இன்னா வேண்டாம்?

— வெளிய பூட்டாதீங்க. வேற எது வேணா பண்ணுங்க. முடிய வெட்டுங்க, வெட்டிக்கறேன்.

— முடிய வெட்டிக்கறேன்னு சர்தார் சொல்றான், பூட்ட வேணாம்றான். இன்னாய்யா ஆச்சு உனக்கு?

— எண்பத்து நாலு நவம்பர். டெல்லியில ஒரு காலனி. என் தம்பி நிம்மா ஒரு ரூம்ல இருந்தான். கல்யாணம் நிச்சயம் ஆன பையன். தெருவுல கூட்டம் வருதுன்னு தெரிஞ்சுது. வெளிய பூட்டு தொங்குனா ஆள் இல்லன்னு போயிடுவாங்க, நீ உள்ள இரு, சத்தம் போடாத. அப்படிச் சொல்லிப் பூட்டினாங்க.

— அப்பறம்?

— கூட்டத்துக்கிட்ட லிஸ்ட் இருந்துச்சுங்க. ரேஷன் கார்டு லிஸ்ட். எந்த வீட்டுல எத்தன சர்தார்னு பேர் பேரா. பூட்டப் பாத்தாங்க, லிஸ்டப் பாத்தாங்க, சிரிச்சாங்க. பூட்ட உடைக்கக்கூட இல்ல. அவங்களுக்கு என்ன, கதவு தொறக்காம இருந்தாப் போதும். ஜன்னல்ல மண்ணெண்ணெய் ஊத்தினாங்க.

— முருகா.

— உள்ளேருந்து கதவத் தட்டியிருப்பான். வெளிய பூட்டு.

— யாரு பூட்டினது?

— தெரிஞ்ச ஆளுதான்.

— அவன் இன்னா ஆனான்?

— பொழச்சுக்கிட்டான்.

— சிங்கு, தண்ணி குடி. பூட்டல. பூட்டமாட்டேன். மரகதம் வரட்டும்.

— ஏங்க. கதவத் தொற. நாந்தான்.

— இன்னாடி இப்டி ஓடியார? செருப்பு எங்க?

— செருப்பக் கேக்கற நேரமா இது? கேட்டுக்கோ. பேச்சு மாறிப்போச்சு. சர்தாருங்க இல்லியாம். இலங்கையிலேந்து வந்தவனுங்களாம். அவனுங்களுக்கு எடம் குடுத்து வளத்தது உங்க கட்சியாம்.

— யார் சொன்னது? ரேடியோவுலயா?

— ரேடியோவுல வீணதான். ரோட்டுல சொல்றானுங்க. மொனையில உங்க படிப்பகம் எரியுது. உங்க கூட்டாளி அண்ணாதுரை கடைய நொறுக்கிட்டானுங்க, அவன் மண்ட ஒடஞ்சு ரத்தம். கொடிக்கம்பத்த வெட்டினு வரானுங்க ஒண்ணொண்ணா. அடுத்தது கோதண்டராமன் கம்பம்னு என் காதுபடவே சொன்னான் ஒருத்தன்.

— என் கம்பமா?

— வாசல்ல நிக்குதே. கல்லு வேற நட்டு, நட்டவன் பேரும் வெட்டி வச்சிக்கீற. லாட்ஜ் செவுத்துக்கே கறுப்பு செவப்பு அடிச்சிக்கீற, ரெண்டு மைலுக்குத் தெரியற மாதிரி. காலையிலேந்து அந்த லாரிக்குச் சாணி பூசினமே, நம்ம செவுத்துக்கு ஒரு கை பூசினமா?

— தோணல.

— எனக்கும் தோணலியே. அவன ஒளிக்கறதுலயே கீறோம்.

— ஓடுங்க, அண்ணாஜி. பின்பக்கமா.

— பின்பக்கம் வயக்காடு. அறுத்த நெலம், ஒரு மரம் கெடையாது. இந்தக் கால வச்சிக்கினு எங்க ஓடறது? நான் ஓடமாட்டேன். அறுபத்தஞ்சுல ஓடாதவன்.

— ஐயோ, அறுபத்தஞ்சு. யோவ், அன்னிக்கு உன்ன அடிச்சவன் யூனிபாரம் போட்டிருந்தான். இவனுங்க கையில கடப்பார.

— நீ பக்கத்துத் தெரு மீனம்மாள் வூட்டுக்குப் போ. நீ இங்க இருந்தா எனக்குக் கை கால் ஓடாது. போ.

— நான் போவல.

— பாபிஜி, போங்க. அண்ணாஜிய நான் பாத்துக்கறேன்.

— நீயா? உன்னையே நாங்க காலையிலேந்து...

— இன்னிக்குக் கூட்டம் எனக்கு வரலீங்க. ஏழு வருஷத்துல மொத தடவ. போங்க, சத்தம் கேக்குது.

— சிங்கு, இவுருக்கு ரத்தக் கொதிப்பு கீது. கத்தவுடாத.

— சரிங்க.

— போய்ட்டாளா?

— போயிட்டாங்க. அண்ணாஜி, நாலாம் நம்பருக்குள்ள போங்க.

— நீ வெளிய இன்னா பண்ணுவ?

— தலைப்பா கட்டிக்கறேன். வாசல்ல சேர் போட்டு உக்காந்துக்கறேன். மொதலாளி காஞ்சிபுரம் போயிட்டான், எனக்கு அட்வான்ஸ் பாக்கி, நானும் அவனத்தான் தேடறேன்னு சொல்லுவேன். கம்பத்த வெட்டிக்கட்டும். கல்லையும் பேத்துக்கட்டும்.

— கல்லு போனாப் போவட்டும்.

— குனிஞ்சு போங்க. கட்டிலுக்கு அந்தப் பக்கம், தரையில. சத்தம் போடக்கூடாது.

— சிங்கு, இரு, இரு. பூட்டவா போற? நீதானே வேணாம்ன.

— பூட்டலன்னா தொறப்பாங்க. போர்டப் பாப்பாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க.

— அவனுங்க மண்ணெண்ணெய் கொண்ணாந்தா?

— பூட்டு பக்கத்துல நான் இருப்பேன்.

— ஒரு நிமிசம். சிங்கு. கதவ இப்டி... பூட்டிட்டியா?

— பூட்டியாச்சுங்க.

— சாவிய ஆணியில மாட்டு. நாலாவது ஆணி. மறந்துடாத.

— இந்தச் சாவி என் கையிலதான் இருக்கும்.

— யோவ், ஆணி காலியா இருந்தா உள்ள ஆள் கீதுன்னு அர்த்தம்யா. கொன்னுடுவானுங்க. மாட்டுய்யா. சிங்கு, அங்கதான் கீறியா?

— இங்கதான் இருக்கறேன். ஆணி காலியா இல்லீங்க. கழுத்துல இருந்த டெல்லி சாவிய அதுல மாட்டிட்டேன். அன்னிக்கு நிம்மாவ உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனது நான்தாங்க.