இரண்டாவது கோப்பை முடியும்வரை

காலையில் முதல் இரண்டு கோப்பைத் தேநீரை யாரோடும் பேசாமல் குடித்துவிட்டால், அன்றைய பொழுது நன்றாகவே போகும். நீங்களும் செய்து பாருங்கள், சார்ஜென்ட்.

நான் ஐந்து மணிக்கு எழுவேன். முற்றத்தைப் பெருக்குவேன். சோளக்கூழ் கொதிக்கும்வரை வேலியோரம் உட்கார்ந்து குருவிகளைப் பார்ப்பேன். கன்யே ஊரில் இதைவிடச் சுகம் கிடையாது. ஒரே குறை, தனியாக இருக்கும் பக்கத்து வீட்டு அம்மாள், ம்மா ஒனலென்னாதான்.

"ம்மா வாமே, எப்படி எழுந்தீங்க? முட்டி எப்படி எழுந்துச்சு? ஆடுங்க எப்படி எழுந்துச்சு?"

பதில் சொன்னால் திருப்பியும் கேட்க வேண்டும். அதுதான் ஊர் மரியாதை. என் ஆடுகளைப் பற்றி எனக்கே அவ்வளவு அக்கறை கிடையாது.

அவரைப் பற்றி நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் ர்ரா மொடிசேயிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "பாவம், ரத்தக்கொதிப்பு. மதியம்வரைக்கும் யாரும் பேச்சுக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். வெளிய சொல்ல வெக்கப்படறாங்க. அவங்களா கூப்பிட்டாலும் சிரிச்சிட்டுப் போயிடுங்க. பக்கத்துல நான் இருக்கேன், பாத்துக்கறேன்."

எங்கள் ஊர் நல்ல ஊர். இரண்டே நாளில் எல்லோரும் அவர் வாசலை நுனிக்காலில் கடந்தார்கள். பாம்பும் சாகவேண்டும், கம்பும் உடையக்கூடாது என்பார்களே, அப்படி.

ஒருநாள் வேலிக்கு வந்தார். "நான் யாருக்கு என்னம்மா பண்ணேன்? எப்படி எழுந்தேன்னு கேக்கக்கூட நாதி இல்லையே."

கண் கலங்கியிருந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது முதல் கோப்பைதான் ஆகியிருந்தது. சிரித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியலில் அவர் வீட்டுக்குள் விழுந்திருக்கிறார். எனாமல் கோப்பையால் உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தெருவில் போன ர்ரா மொடிசே நின்று, "ஏதோ தட்டுறாங்களே, போய்ப் பாக்கவா?" என்று கிசுகிசுத்தார்.

நான் உதட்டில் விரலை வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார்.

பிறகு ம்மா ஒனலென்னா உள்ளிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று முறை. தேநீர் பதமான சூட்டில் இருந்தது. நலம் விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, அடித்துவிடுங்கள். அந்தக் குரலில் யாரும் ஆட்டை விசாரிக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டாவது கோப்பை முடிவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. காலை அவ்வளவு அழகாக இருந்ததால் இன்னொன்றும் ஊற்றிக்கொண்டேன். மதியம் கதவை உடைத்தபோது அவர் உடம்பு சில்லிட்டிருந்தது.

இங்கே லாக்கப்பில் காலையில் கதவு திறக்கும் பெண் போலீஸ் தங்கமான பிள்ளை. ஆனால் தினமும் எப்படி எழுந்தீர்கள் என்று கேட்கிறாள். எனக்கு ரத்தக்கொதிப்பு என்று அவளிடம் கொஞ்சம் சொல்லிவிடுங்கள்.