கார் நிறுத்துமிடத்தில் பூசை

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும் ஃபெரிப் படகில் எனக்கு முன்னிருக்கையில் அக்காவும் தங்கையும். தங்கை திடீரென்று கேட்டாள்.

“அக்கா, உன் மகனோட பீ கொஞ்சம் தருவியா?”

அக்கா கச்சாங் கடலைப் பொட்டலத்தை மடித்தாள்.

“எதுக்குடி?”

“என் மக ஸ்டெல்லாவுக்குத்தான். சும்மா சும்மா கண்ண சிமிட்டுறா, தொண்டைய செருமுறா. நல்லா இருக்குற பிள்ளையோட பீயில உள்ள கிருமிய எடுத்து அவ குடல்ல வச்சா அடங்குமான்னு வெளிநாட்டுல சோதனை பண்றாங்களாம். டாக்டர் சொன்னாரு. இங்க இன்னும் வரலையாம்.”

“வராததுக்கு இப்பவே ஏன் கேக்குற?”

“வந்தா யாருகிட்ட கேக்குறதுன்னு யோசிச்சேன்லா.”

“பிள்ள செருமுனா யாருக்கு என்ன?”

“பூசையில மணி அடிச்சு, எல்லாரும் முழங்கால் போட்டு அமைதியா ஆவாங்கள்ல, அப்பதான் அவளுக்கு வரும். முன் பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பாக்கும். இப்பெல்லாம் நானும் அவளும் மாதா கோயிலுக்கு வெளிய, கார் நிறுத்துற இடத்துல நின்னுதான் பூசை கேக்குறோம்.”

ஃபெரி படகுத்துறையில் முட்டி நின்றது. எல்லாரும் எழுந்தார்கள். அவர்கள் இருவரும் எழவில்லை.

“என் மகன் வயித்துல அப்படி என்னடி இருக்கு?”

“தெரியலக்கா. ஆனா பூசை முழுக்க அவன் உன் மேல சாஞ்சு தூங்குறான்.”