சைனா கங்கையா

எனக்கு எழுத்துக்கூட்டல் எப்போதும் நன்றாக வரும். திருப்பதியில் பி.ஏ. படித்தபோதும் ஸ்பெல்லிங்குக்காக ஒரு மார்க்குகூட இழந்ததில்லை. நீங்கள் அனுப்பிய விசாரணைக் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. கங்கையா என்பவரின் பெயருக்கு முன்னால் உள்ள ‘சின்ன’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதியபோது ஓர் ‘என்’ எழுத்து விட்டுப்போனது கவனக்குறைவாலா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கவனக்குறைவு எனக்கு வழக்கமில்லை.

எங்கள் ஊர் மாங்கால்மேடு. 1960 மார்ச் 31 வரை மெட்ராஸ் ராஜ்யம். ஏப்ரல் 1 முதல் ஆந்திரப் பிரதேசம், சித்தூர் ஜில்லா. நாங்கள் எங்கும் போகவில்லை. எல்லைதான் எங்களைத் தாண்டித் தெற்கே நாலு மைல் போனது. ஊர்க் கணக்குகள், பிறப்பு இறப்புப் பதிவுகள், பட்டாக்கள் எல்லாம் தமிழில் இருந்தன. அவற்றைத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. ஊரில் மூன்று மொழியும் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஊரில் இரண்டு கங்கையாக்கள் இருந்தார்கள். மூத்தவன் பெத்த கங்கையா, தெலுங்கில் பெத்த என்றால் பெரிய; இளையவன் சின்ன கங்கையா. சித்தூர் ஜில்லாக் கச்சேரிகளில் சின்ன என்பதை சி, எச், ஐ, என், ஏ என்று ஒற்றை ‘என்’ போட்டு எழுதுவார்கள். அது அந்தப் பக்கத்து வழக்கம். வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் பாதிச் சீன தேசம் இங்கேதான் குடியிருக்கிறதோ என்று தோன்றும். யாரும் அதைப் பார்த்துப் பயந்ததில்லை. நானும் வழக்கப்படி எழுதினேன். அந்த நாளில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் கைமாறிய அதே ஏப்ரல் முதல் தேதி என் மனைவி தாட்சாயணி இறந்துபோனாள். தலைப்பிரசவம். குழந்தையும் தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியின் கடையாணி ஒடிந்து சக்கரம் கழன்றுவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். வண்டி சின்ன கங்கையாவுடையது. அவனே தன் வாயால் அப்படித்தான் சொன்னான். என் மாமியார் ரத்தினம்மா அவன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். அதன் பிறகு அவன் வண்டியில் யாரும் ஏறவில்லை. மாடுகளை விற்றுவிட்டு, ஏரிக்கரையில் புதிதாகப் பட்டா கிடைத்த ஒன்றேகால் ஏக்கரில் மொச்சை போட்டுப் பிழைத்தான். அவன் வம்சத்தில் முதல்முதலாக மண் வைத்திருந்தவன் அவன்தான்.

என்னை எங்கே பார்த்தாலும் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஒரே கேள்வி கேட்பான். “துன்னீங்களா ஐயா?” இரண்டரை வருஷம், வாரத்துக்கு நாலு முறையாவது கேட்டிருப்பான். நானும் சாப்பாடு ஆயிற்று என்று சொல்லியிருக்கிறேன்.

இனி யுத்தம்.

எங்கள் ஊரில் இரண்டு கட்சிகள். மெட்ராஸ் கட்சிக்கு நாராயணசாமி தலைவர், ஆந்திரா கட்சிக்குத் திருவேங்கடம். இருவரும் சம்பந்திகள். ஏழு வருஷம் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாமல் எல்லைக்காகப் போராடினார்கள். எல்லை முடிவானதும் நாராயணசாமிக்கு ஆந்திர சர்க்காரில் ரோடு காண்டிராக்ட் கிடைத்தது. அவர் ஆந்திரா கட்சிக்குப் போனார். அது பொறுக்காமல் திருவேங்கடம் மெட்ராஸ் கட்சிக்கு வந்தார். தொண்டர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கொடியை மாற்றிக்கொண்டார்கள். 1962 அக்டோபரில் சீனா படையெடுத்ததும் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். தேசம் ஒன்று என்றார்கள். யுத்தக் கமிட்டி ஒன்று அமைந்தது. நான் காரியதரிசி.

கமிட்டியின் முதல் தீர்மானம் சீனக்காரத்துக்கு எதிரானது. படிகாரத்துக்கு இன்னொரு பெயர் அது. பெயரில் சீனா இருப்பதால் ஊருக்குள் விற்கக்கூடாது என்று முடிவாயிற்று. சவரம் செய்த இடத்தில் ரத்தம் நிற்காமல் ஒரு மாதம் ஆண்கள் எல்லோரும் முகத்தில் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். இரண்டாவது தீர்மானம், சீனிவாசன்கள் யாரையும் சீனா, சீனு என்று சுருக்கி அழைக்கக்கூடாது. மூன்றாவதாக யாரோ செனக்காய் பற்றி எழுப்பினார்கள். தெலுங்கில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். திருவேங்கடம் எழுந்தார்.

“எவன்டா அவன்? அஞ்சு ஏக்கர் செனக்கா போட்டுக்கீறேன். செனக்காய்க்கும் சீனாவுக்கும் இன்னாடா சம்பந்தம்?”

“காதுல கேட்டா ஒரே மாதிரிதான கீது, மாமா?”

“உன் காத அறுத்தா சரியாப் பூடும்.”

செனக்காய்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. நான்தான் எழுதினேன். மூன்று மொழியிலும்.

நவம்பர் இரண்டாம் வாரம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கிராமத்தில் உள்ள சீன வம்சாவளியினரின் பட்டியலை மூன்று நாளில் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதி அனுப்ப வேண்டும். கமிட்டியில் படித்துக் காட்டினேன். நாராயணசாமிக்கு முகம் வாடிவிட்டது.

“பக்கத்துத் தாலூக்காவுல பல்லு கட்றவன் ஒருத்தன், காகிதப் பூ விக்கிறவன் ஒருத்தன், ரெண்டு பேரப் புட்ச்சுக் குடுத்துக்கீறாங்களாம். நம்ம ஊர்ல ஒருத்தன்கூடவா இல்ல?”

“இல்லன்னா இல்லதான, சம்பந்தி? செஞ்சா குடுக்க முடியும்?” என்றார் திருவேங்கடம்.

“கோவர்த்தனா, நீ பி.ஏ. படிச்சவன். ரிக்கார்டுல நல்லாப் பாரு.”

பார்த்தேன். ‘இல்லை’ என்று எழுத ஒரு நிமிஷம் ஆகும். காகிதத்தை எடுத்து வைத்தேன், பேனாவில் மை ஊற்றினேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே கங்கையா போனான். துண்டை எடுத்தான். “துன்னீங்களா ஐயா?” என்றான்.

பட்டியலில் ஒரு பெயர் எழுதினேன். China Gangaiah. வேறு எதுவும் எழுதவில்லை. வம்சாவளி என்ற கட்டத்தில் ‘பெயரைக் காண்க’ என்று மட்டும் குறித்தேன். அது பொய் அல்ல.

நான்காம் நாள் கான்ஸ்டபிள் ஏகாம்பரம் சைக்கிளில் வந்தார். கங்கையா மொச்சைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். நான் அடையாளம் காட்டப் போயிருந்தேன்.

“உன் பேரு இன்னா?”

“இன்னாபா ஏகாம்பரம், என்னைத் தெரியாதா? போன வாரம் எங்கூட்ல மொச்சக்கொட்டக் கொயம்பு துன்னியே.”

“துன்னேன். அது வேற. இது கவர்மெண்டு. பேரச் சொல்லு.”

“கங்கையா.”

“முழுசா.”

“சின்ன கங்கையா.”

“அதான். சைனா கங்கையா. ஏறு பின்னால.”

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் தெலுங்கில் கேட்டார். “ஏமண்டி, வீடு சைனாவாடா?” இவனா சீனாக்காரன் என்று. ரிக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் முட்டாள் அல்ல. ஆனால் பட்டியல் ஏற்கெனவே சித்தூருக்குப் போய்விட்டது. பெயர் போன பிறகு ஆள் போகாவிட்டால் அவர் வேலை போய்விடும். கங்கையாவைச் சப் ஜெயிலில் வைத்தார்கள்.

நவம்பர் 21-ஆம் தேதி சீனாவே சண்டையை நிறுத்திவிட்டது. கமிட்டி அன்று மாலையே பிளந்தது. சீனாக்காரனைப் பிடித்துக் கொடுத்த பெருமை யாருக்கு என்பதில் தகராறு. நாராயணசாமி மறுபடி மெட்ராஸ் கட்சிக்குப் போனார்; திருவேங்கடம் ஆந்திராவுக்கு. கங்கையாவின் ஒன்றேகால் ஏக்கரைப் பங்கிடுவதில் மட்டும் ஒற்றுமை இருந்தது. நான் அதில் ஒரு பிடி மண்கூடத் தொடவில்லை.

அவனை வெளியே விட ஒரு காகிதம் போதும். அவன் இந்த ஊரில் பிறந்தவன் என்ற பதிவு. சித்தூரிலிருந்து மெட்ராஸ் பக்கத்துக்கு எழுதினார்கள். பதிவேடுகளை 1960-லேயே ஆந்திராவிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று பதில் வந்தது. ஆந்திராவில் தேடினார்கள். பதிவேடு இருந்தது, 1917-ஆம் வருஷத்தில் ஒரு தாள் இல்லை. இரண்டு ராஜ்யமும் என்னுடையவன் அல்ல என்று சொன்ன ஆளுக்கு மூன்றாவதாக ஒரு தேசம் தேவைப்பட்டது. அது ஏற்கெனவே அவன் பெயரில் இருந்தது.

அந்தத் தாள் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. பட்டியல் அனுப்பிய அன்றே எடுத்து வைத்துவிட்டேன்.

அவன் மனைவி வெங்கடலட்சுமி செவ்வாய்தோறும் என்னிடம் வருவாள். மனுக்களை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் பதினாறு. கூலி வாங்கவில்லை. பெயர் ரிக்கார்டில் உள்ளபடிதான் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒவ்வொரு மனுவிலும் ஒற்றை ‘என்’ போட்டே எழுதினேன். கைநாட்டு வைத்துவிட்டு, “நீங்க நல்லா இருக்கணும் ஐயா” என்று கும்பிட்டுவிட்டுப் போவாள்.

சீன வம்சாவளியினரை அடைத்துவைத்திருந்த ராஜஸ்தானத்து முகாமுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை அவனைப் போய்ப் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் எழுந்து நின்றான். தலையில் துண்டு இல்லை. ஆனாலும் எடுப்பதுபோலக் கை மேலே போயிற்று.

“துன்னீங்களா ஐயா?”

“ஆயிற்று.”

“எதுக்குப் புட்ச்சாங்கன்னே தெர்ல. சீனா எந்தாண்ட கீதுன்னுகூட எனுக்குத் தெரியாது. யார்னா விரோதி கீறாங்களான்னு இன்ஸ்பெக்டரு கேட்டாரு. கடையாணி சமாச்சாரத்துல ஊருக்கே என்மேல கோவம்னு சொன்னேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “மத்தத நான் சொல்லல ஐயா. சாவுற வரிக்கும் சொல்ல மாட்டேன். நீங்க பயப்படாதீங்க.”

அவன் மட்டும் சொல்லியிருந்தால் அன்றே அந்தத் தாளைக் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். சொல்லாமல் இருக்கும் ஒருவனை என்ன செய்வது?

ஒரு குளிர்காலம் தாங்கினான். இந்த ஜனவரியில் இரண்டாவது குளிர்காலம் தாங்கவில்லை. சீனத் தூதரகம் உடலைக் கேட்கவில்லை என்று முகாமிலிருந்து கடிதம் வந்தது. ஜன்னியில் தமிழும் தெலுங்கும் பேசினான் என்று அங்கிருந்த டாக்டர் எழுதியிருக்கிறார். அதனால்தான் இந்த விசாரணை என்று தெரிகிறது.

மற்றது என்னவென்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஏப்ரல் முதல் தேதி காலை, ஊரில் புதுக் கொடி ஏற்றிக்கொண்டிருந்தபோது தாட்சாயணிக்கு வலி கண்டது. வடக்கே ஒன்றரை மைலில் மருத்துவச்சி உள்ள ஆஸ்பத்திரி இருந்தது. அது ராஜ்யம் பிரிந்த நாளிலிருந்தே ஆந்திரா. தெற்கே திருவள்ளூர், இருபது மைல். கங்கையா வண்டியை வடக்கே விட்டான். நான் திருப்பச் சொன்னேன்.

“ஐயா, ஆஸ்பத்திரி இந்தாண்டதான கீது?”

“என் பிள்ளை மெட்ராஸ் ராஜ்யத்தில்தான் பிறக்கணும். திருப்பு.”

“அம்மாவுக்கு ரத்தம் போய்க்கினே கீது ஐயா.”

“திருப்பு.”

அவன் இரண்டு முறை வண்டியை நிறுத்தினான். இரண்டு முறையும் நான் இறங்கி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தெற்கே நடத்தினேன். தாட்சாயணி எங்கே போகிறோம் என்று கேட்டாள். நம்ம ராஜ்யத்துக்கு என்றேன். “ராஜ்யம் இருக்கட்டும், ஒரு வாய் தண்ணி குடுங்க” என்றாள். தண்ணீர் எடுத்து வரவில்லை. நாலு மைலில் புதிதாக நட்ட எல்லைக்கல் வந்தது. அதைத் தாண்டியதும் அவள் பேசவில்லை.

கங்கையா வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து சக்கரத்தின் கடையாணியைத் தட்டிக் கழற்றி என் கையில் வைத்தான். “இத வெச்சிக்கங்க ஐயா. ஒடிஞ்சு பூட்ச்சுன்னு நான் சொல்லிக்கறேன். இல்லன்னா ஊரு உங்களப் பேசும்” என்றான்.

இத்துடன் இரண்டு பொருள்களை ஒப்படைக்கிறேன். ஒன்று, 1917-ஆம் வருஷத்துப் பிறப்புப் பதிவுத் தாள். மற்றது கடையாணி. எங்கும் ஒடியவில்லை, சரிபார்த்துக்கொள்ளலாம். கங்கையாவை நான்தான் கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். என் மனைவியின் இறப்புப் பதிவில் இடம் ஆந்திரப் பிரதேசம் என்று இருக்கிறது. அது தவறு. நான் அளந்து பார்த்திருக்கிறேன். எல்லைக்கல்லுக்குத் தெற்கே நாற்பதடி, மெட்ராஸ் ராஜ்யம்.