செவ்வாய்க்கிழமைக் காப்பி

எங்கள் வீட்டில் காலைக் காப்பி போடுவது நான்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். விமான் நகரில் எங்கள் குடியிருப்புப் பெண்கள் இதைச் சொல்லித் தங்கள் கணவர்களைக் குத்திக்காட்டுவார்களாம். என் மனைவி கோதை என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இன்ஸ்பெக்டர் சார், நான் மனநல மருத்துவன். பெயர் வாசுதேவன், வயது எழுபத்தொன்று. ஓய்வு பெற்ற பிறகு ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் மருத்துவர்களின் கையில் ஒரு மருந்தாக இருந்தது. தயாரித்த கம்பெனியே இலவசமாக அனுப்பியது. தெளிவாக இருப்பவருக்குக் கொஞ்சம் கொடுத்தால் சில மணி நேரம் பைத்தியம் வரும், அதைப் பார்த்துப் பைத்தியத்தைப் புரிந்துகொள்ளலாம் என்று அன்று சிலர் நம்பினார்கள். சில ஆஸ்பத்திரிகளில் நோயாளியிடம் சொல்லாமலே கொடுத்தார்கள். அது தவறு என்றுதான் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்.

காலமான என் பேராசிரியரின் அலமாரியில் அந்தக் காலத்துக் குப்பிகள் ஒரு பெட்டி கிடைத்தது. வீரியம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் அதைப் பற்றி எழுதுவது நேர்மையில்லை.

கோதை குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தந்துகொண்டிருந்தாள். என்னைவிடத் தெளிவான மூளை. ஆராய்ச்சிக்கு அப்படி ஒருவர்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் அவள் டம்ளரில் மட்டும் கலந்தேன்.

முதல் வாரம் குளியலறை கீசரிடம் மன்னிப்புக் கேட்டாள். மூன்றாம் வாரம், ஏழு என்ற எண் தன்னை முறைக்கிறது என்று சொல்லி, ஏழு வராத கணக்காகப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். ஐந்தாம் வாரம், வாயே திறக்காமல் நின்ற வெண்டைக்காய்க்காரரிடம் மெதுவாகப் பேசும்படி மராத்தியில் கெஞ்சினாள். அதற்குப் பிறகு டியூஷனை நிறுத்திவிட்டாள். வீட்டுக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் பழைய பேப்பர் ஒட்டி மூடினாள். நான் நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

எட்டாம் வாரம் காய் நறுக்கும் கத்தியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதை நீங்களே பூட்டி வெச்சுக்கோங்கோ. உங்களுக்கு ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு. எனக்கு என்ன ஆறதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

பார்த்தேன். முப்பது கேள்விகள் கேட்டேன். வயதானால் சிலருக்கு இப்படி வருவதுண்டு என்று ஆறுதல் சொல்லி, மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பத்தாம் வாரம் நண்பர் ஒருவரின் மருத்துவமனையில் சேர்த்தேன். ஆராய்ச்சி தடைபடக் கூடாதே என்று ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுபோனேன். இப்படியும் ஒரு கணவரா என்று நர்சுகள் வியந்தார்கள்.

பதினோராம் செவ்வாயன்று எங்கள் பெண் மீனு பெங்களூரிலிருந்து வந்தாள். நான் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா குடித்தது போக ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டாள். அன்று பகல் முழுவதும் ஜன்னல் திரையோடு வாதாடினாள். சாயங்காலம் தெளிந்தது. அம்மாவிடம் மட்டும் பேசினாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. அப்பாதான்."

கோதை நம்பவில்லை. பைத்தியம் எனக்குத்தான், அவரைச் சொல்லாதே என்று மீனுவைத் திட்டினாளாம். மீனு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். கோதை நம்புவதற்கு நாலு நாள் ஆயிற்று. கோதை இப்போது மீனுவின் வீட்டில் இருக்கிறாள். தண்ணீரைக்கூடத் தானே பிடித்துத்தான் குடிக்கிறாளாம்.

ஆமாம், கலந்தது நான்தான். பதினொரு முறை. நீங்கள் எடுத்துப்போன நோட்டில் எல்லாம் இருக்கிறது. பன்னிரண்டு வாரம் என்று திட்டமிட்டிருந்தேன். ஒரு வாரம் குறைந்ததால் கடைசி அத்தியாயம் நின்றுபோயிற்று. அதற்காகக் கோதைமேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்.