கூடியது மார்க்கு, இறங்கியது இடம்

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் காலடியில் சந்தைக்குப் போகும் பூ மூட்டை. மகள் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மார்க்கு கூடிருக்கா, கொறஞ்சிருக்கா?"

"ரெண்டுந்தாம்மா."

அந்தப் பதிலில்தான் என் காது அங்கே போனது.

"எம்.பி.ஏ. சேர்ற பரிச்சைக்கு மாதிரியா மாக் டெஸ்ட் எழுதுனேன்ல, அதுல போன தடவைய விட மார்க்கு கூட. ஆனா பர்சன்டைல் எறங்கிருச்சு. நமக்குப் பின்னாடி நூத்துக்கு எத்தன பேருங்குற கணக்கு அது."

"நல்லாத்தான படிச்ச?"

"மத்தவங்க இன்னும் நல்லாப் படிச்சிருக்காங்க."

அம்மா பூ மூட்டையைக் காலோரமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

"வேணும்னா மில்லு ஆபீஸ்ல நீ பாத்த பழைய வேலையக் கேட்டுப் பாப்பமா?"

"கேட்டேம்மா. அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க."

"எப்பக் கேட்ட?"

"போன மாசம்."

"போன மாசமே பரிச்சைய விட்ரலாம்னு நெனச்சிட்டியா? அப்பறம் எதுக்குத் தெனம் கருக்கல்ல எந்திரிச்சுப் படிக்கிற?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ எனக்கு முன்னாடியே எந்திரிச்சு டீ போட்டு வச்சிர்றியேம்மா."