ராயபுரமா, சூளையா?

தாம்பரத்தில் மின்சார ரயில் இன்னும் கிளம்பவில்லை. கதவோரம் நின்ற இரண்டு நண்பர்கள் அதற்குள் குத்துச்சண்டைப் பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள்.

"ராயபுரம் பிரான்சிஸ் ஃபார்ம்ல இருந்தப்போ ஒண்ணு வுட்டான்னா, உன் சூளை கண்ணப்பன் இங்க வுழுந்து சிங்கப்பெருமாள் கோவில்லதான் கண்ணு முழிப்பான்."

"அதுக்குள்ள கண்ணப்பன் மூணு வுட்டிருப்பான் மச்சான்! கால இப்டி முன்னால வெச்சு, லெப்ட்ல..." நெரிசலிலேயே செய்து காட்டினார்.

"நீ பாத்துகீறியா?"

"எங்கப்பா பாத்துகீறாரு. நீ?"

"எங்க மாமா."

கீழே கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா நிமிர்ந்தார். "அந்த பாக்ஸருங்க ரெண்டு பேரும் இப்போ எங்க கீறாங்க?"

"செத்து ரொம்ப நாளாச்சுக்கா."

"சண்ட போடறவனும் உசிரோட இல்ல, நீங்களும் பாக்கல. இதுல மிதி வாங்கறது என் காலா? தள்ளி நில்லுங்கய்யா!"